ஒரு டின் ரவை எத்தனை கிராம்

உன் மகள் உன்னுடைய மஞ்சள் டின்னைக் கொண்டுவந்து என் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போய் மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளாக நான் அதில் ரவையை நிரப்புகிறேன், எடை போடுகிறேன், திரும்பக் கொட்டுகிறேன். வீட்டிலிருக்கிற ரவையில் பாதி இப்போது மேடையிலும் தரையிலும் என் புடவை மடிப்பிலும்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் நேற்று எட்டிப் பார்த்துவிட்டு, "ரவையோட சண்டை போடற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிப் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

முதல் தடவை எண்ணூற்று எழுபத்திரண்டு கிராம் வந்தது. இரண்டாவது தடவை தொள்ளாயிரத்து ஐந்து. மூன்றாவது தடவை எண்ணூற்று நாற்பத்தாறு. அதே டின், அதே ரவை, அதே நான். தராசு மேல் சந்தேகப்பட்டு அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். சரியாக ஐந்நூறு காட்டிற்று. தராசில் கோளாறு இல்லை. கோளாறு என் பக்கம்தான் என்று அது சொல்வதுபோல இருந்தது, எனக்குக் கோபம் வந்துவிட்டது.

டின் உனக்குத் தெரியாததா? வனஸ்பதி வந்த டின். மஞ்சள் பெயிண்ட் முக்கால்வாசி போய்விட்டது. '1 கிலோ' என்ற எழுத்து மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. வாயோரத்தில் ஒரு இடத்தில் உள்ளே அமுங்கியிருக்கும், நீ கட்டை விரலை எப்போதும் வைக்கிற இடம். மூக்கருகே கொண்டுபோனால் நெய்யில் வறுத்த ரவையின் வாசனை அடிக்கிறது. ஒரு வருஷமாக யாரும் தொடாத டின்னில் எப்படி அடிக்கும்? எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

உன் செல்வி இதைக் கொடுக்கும்போது என்ன சொன்னாள் தெரியுமா? "வர்ற ஞாயித்துக்கிழம அம்மாவுக்கு வருஷம் திரும்புது ஆன்ட்டி. அம்மா செய்யற கேசரிபாத்தையே செஞ்சு படைக்கணும். எனக்கு இந்த டின் கணக்கெல்லாம் வராது. கிராம்ல எழுதிக் குடுங்க."

"என்கிட்ட எதுக்குக் கேக்கற? அம்மா உனக்குச் சொல்லலியா?" என்றேன்.

"கேட்டேனே. 'அளவெல்லாம் அவதான் எழுதுனா, அவகிட்ட போயிக் கேளு'ன்னாங்க."

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். நீ அதை எந்த அர்த்தத்தில் சொன்னாய்? எனக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கையிலா? இல்லை, எழுதிக் கெடுத்தவளே பதில் சொல்லட்டும் என்றா? சிரித்துக்கொண்டு சொன்னாயா, சிரிக்காமல் சொன்னாயா என்று செல்வியிடம் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, உனக்கே தெரியும்.

நான் கல்யாணமாகிக் குடியாத்தத்திலிருந்து பெங்களூர் மர்பி டவுனுக்கு வந்தபோது நீ பக்கத்துச் சந்தில் இருந்தாய். நமக்கு வயசில் இரண்டு மாசம்தான் வித்தியாசம். அந்த இரண்டு மாசத்தை வைத்துக்கொண்டு நீ என்னை எத்தனை மிரட்டியிருக்கிறாய்! "பெரியவ சொல்றேன், கேளுடி" என்று ஆரம்பித்தால் ஏதோ வேலை வைக்கப்போகிறாய் என்று அர்த்தம். எலெக்ட்ரானிக் சிட்டியில் கேன்டீன் நடத்துகிற கான்ட்ராக்டரிடம் ஸ்டோருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியதும் நீதான். "நல்லாப் படிச்ச பொண்ணு சார், டைப் கூட அடிக்கும்" என்று சொன்னாய். நான் டைப்பிங் லோயர் பரீட்சையில் இரண்டாவது தடவைதான் பாஸ் செய்தேன் என்பதை நீ சொல்லவில்லை.

அப்படித்தான் தினமும் ஒரே வேனில், பக்கத்துப் பக்கத்து சீட்டில், ஓசூர் ரோட்டின் நெரிசலில் நம் ஏழெட்டு வருஷம் போயிற்று. நீ டிபன் அடுப்பில். நான் ஸ்டோரில். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக நாம் போடாத சண்டையா?

"ஏழு டின்னு ரவ குடு."

"கிலோவுல சொல்லு. நான் கிலோவுலதான் எழுதணும்."

"கிலோவையா துன்னப் போறாங்க? ரவையத்தானே துன்னப் போறாங்க? ஏழு டின்னு குடுடி."

நான் டின்னுக்கு உத்தேசமாக ஒரு கிலோ என்று எழுதிக்கொள்வேன். மாசக் கடைசியில் மூட்டையில் எப்போதும் கொஞ்சம் ரவை மிஞ்சும். ஸ்டோரில் குறைந்தால்தான் கேள்வி கேட்பார்கள், மிஞ்சினால் யாரும் கேட்பதில்லை. அதனால் நானும் ஏன் என்று யோசிக்கவில்லை. அன்றைக்கே யோசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

உன் கைக்கு ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சட்டம் இருந்தது. சர்க்கரை என்றால் தலை தட்டி அளப்பாய். ரவையும் அரிசியும் கோபுரமாகக் குவித்து. பருப்பைக் குலுக்கி. உப்பு டின் பக்கமே வராது, உள்ளங்கைதான். தண்ணீரும் அதே டின்னால். ஒரு டின் ரவைக்கு மூன்று டின் தண்ணீர், ஒன்றரை டின் சர்க்கரை. இருநூறு பேருக்கு ஐந்து டின். நீ செய்த கேசரிபாத் எப்படி இருக்கும்! கரண்டியிலிருந்து வழியவும் வழியாது, ஒட்டிக்கொண்டும் நிற்காது. பக்கத்தில் கார ரவை உப்புமாவை, காராபாத்தை வைத்து ஒரே தட்டில் கொடுத்தால் ஆபீஸ் ஆட்கள் காராபாத்தை விட்டுவிட்டுக் கேசரிபாத்துக்கு மறுபடி வரிசையில் நிற்பார்கள்.

பிறகு அந்தப் புதுச் சமையலறை வந்தது. கான்ட்ராக்டருக்கு இன்னொரு கம்பெனியின் கேன்டீன் கிடைத்தது. அங்கே டிபன் பகுதி முழுவதையும் பார்த்துக்கொள்ள ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்றார்கள். வெள்ளைக் கோட்டு, பாக்கெட் மேலே பெயர் எழுதின பட்டை. நீ வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கோட்டுக்கு ஆசைப்பட்டாய். வேனில் வரும்போது ஒரு நாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஒம்பது வருஷமா எல்லாரும் என்ன 'ஏம்மா'ன்னுதான் கூப்பிடறாங்க. ஒருத்தனுக்கும் என் பேரு தெரியாது." நான் எதற்கோ சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

மேனேஜர் உன்னைத்தான் நினைத்திருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். புது இடத்தில் சமைக்கப்போகிறவர்கள் புது ஆட்கள். அவர்களுக்கு டின் கணக்கு எல்லாம் ஆகாது. உன்னுடைய அளவு முழுவதையும் கிலோவிலும் லிட்டரிலும் ஒரு தாளில் கொண்டுவர வேண்டும். அந்தத் தாளை வைத்து, எடை போட்டு, டின்னைத் தொடாமல் நீயே ஒரு நாள் சமைத்துக் காட்ட வேண்டும். கம்பெனிக்காரர்கள் வந்து ருசி பார்ப்பார்கள். பிடித்தால் வேலை உனக்கு.

"எழுதறதுக்குத்தான் நீ இருக்கியே" என்றாய் என்னிடம். உனக்கு அதில் ஒரு துளி கவலையும் இல்லை.

எடை போட்ட அந்த மத்தியானம் எனக்கு இப்போதும் கண் முன்னால் இருக்கிறது. எனக்கு ஆயிரம் அவசரம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபாக்டரியை அப்போதுதான் பூட்டியிருந்தார்கள். வீட்டில் என் வேலை ஒன்றுதான் மிச்சம். நான் எல்லாவற்றையும் சீக்கிரமாகவும் கெட்டிக்காரத்தனமாகவும் செய்து காட்ட வேண்டும் என்ற வெறியில் இருந்தேன். நீ மூட்டைக்குள் டின்னை விட்டு ரவையைக் கோபுரமாக அள்ளி எடுத்தாய். "குடு, குடு" என்று உன் கையிலிருந்து பிடுங்கித் தராசில் வைத்தேன். தொள்ளாயிரம். எழுதிக்கொண்டேன். சர்க்கரையைத் தலை தட்டிக் கொடுத்தாய், அதையும் போட்டேன். தண்ணீருக்கு நான் எடையே போடவில்லை. டின் மேல்தான் '1 கிலோ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே! ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. பதினைந்து டின்னுக்குப் பதினைந்து லிட்டர். அப்போது என்னைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் நானே அடித்தேன். கட்டம் கட்டமாக, சாமான் ஒரு பக்கம், எடை ஒரு பக்கம். அடியில் 'தயாரித்தவர்' என்று ஒரு வரி. அங்கே உன் பெயரைப் போட்டேன். அளவு உன்னுடையதுதானே, பெயரும் உன்னுடையதாக இருக்கட்டும் என்று நல்ல மனசோடுதான் போட்டேன், சத்தியமாக. தாளை உன்னிடம் நீட்டினபோது, இங்கிலீஷில் உனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தையை நீ கண்டுபிடித்தாய். விரலை அதன் மேல் வைத்து, "இது நானா?" என்று கேட்டாய். "நீதான்" என்றேன். வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். மாவுக் கை படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனாய்.

சோதனை நாள். நாலரைக் கிலோ ரவையை நான்தான் எடை போட்டுத் தட்டில் கொட்டினேன். நீ தட்டைப் பார்த்தாய். வாணலியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"நெறைய கீற மாரி கீதே. சரியா போட்டியா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

"நல்லாப் பாரு."

"உனக்கு டின்னுல பாத்தே பழக்கம். தட்டுல கொட்டுனா அப்படித்தான் தெரியும்."

இதை எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்! நீ ரவையை வறுத்தாய். தண்ணீர் கொதித்ததும் மேனேஜர் பக்கம் திரும்பி, "இன்னும் ரெண்டு லிட்டர் ஊத்திக்கட்டுமா சார்?" என்று கேட்டாய். அவர் தாளைத் தூக்கிக் காட்டித் தம் கன்னடத் தமிழில் சொன்னார். "இதுல எவ்ளோ இருக்கு? ஹதினைதுதானே? பதினஞ்சுன்னா பதினஞ்சு. நாளைக்கு உங்க ஜாகாவுல வேற ஆளு நின்னு செய்வான், அவனுக்கு உங்க கண்ணு இருக்குமா?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்போதும் அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

ரவை தண்ணீரில் விழுந்து நாலு கிளறு கிளறுவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. கிளறுகிற உன் கை முழங்கை வரை இறுகிற்று. கேசரிபாத் வாணலியைச் சுற்றிப் புரண்டு ஒரே உருண்டையாகக் கரண்டியோடு சேர்ந்து வந்தது. நீ கரண்டியை விட்டபோது அது அப்படியே நிமிர்ந்து நின்றது. சர்க்கரை போட்டதும் கொஞ்சம் இளகிற்று, ஆறினதும் பழையபடி ஆகிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒருவர் ஸ்பூனால் குத்திப் பார்த்துவிட்டு, கத்தி கிடைக்குமா என்று கேட்டார். மற்றவர் சிரித்தார்.

அவர்கள் போன பிறகு மேனேஜர் தாளை உன் முன்னால் வைத்தார். விரலால் அடியில் இருந்த பெயரைத் தட்டினார். "ஏனம்மா, இது நீங்க தயார் பண்ணதா?"

நான் உன்னிடமிருந்து நாலடி தள்ளி, தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். 'இல்லை சார், எடை போட்டது நான், கணக்கு என்னுடையது' என்று சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகும்? வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயம். அதைவிட, தப்பு எங்கே என்றே எனக்குத் தெரியாத குழப்பம். இரண்டு தடவை பார்த்தேனே, எங்கே தவறிற்று என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டே நின்றேன்.

நீ தாளைப் பார்த்தாய். "ஆமா சார்" என்றாய்.

அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டு வேறு யாருக்கோ போயிற்று. சாயங்காலம் வேனில் நீ எப்போதும்போல எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தாய். மடிவாளா வரும்வரை நான் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "நாளைக்கு உளுந்து ஊறப் போடணும், சாவிய மறந்துடாத." எனக்கு உன்னை அறையலாம்போல இருந்தது. திட்டியிருக்கலாமே! நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன்.

ஒரு மாசம் கழித்துத்தான் தப்பு எங்கே இருந்தது என்று கண்டுபிடித்தேன். ஸ்டோர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றிருந்தேன். நீ மூட்டையிலிருந்து ரவை அளந்துகொண்டிருந்தாய். டின்னைக் கோபுரமாகத் தூக்கினாய். தூக்கின கையோடு, மற்றக் கையால் அதன் தலையிலிருந்து ஒரு பிடி எடுத்து மூட்டைக்குள் திருப்பிப் போட்டாய். அடுத்த டின். மறுபடி ஒரு பிடி. ஒவ்வொரு டின்னுக்கும். இத்தனை வருஷமாக அந்த ஜன்னலில் நின்றவள் அதைப் பார்த்ததே இல்லை. மாசக் கடைசியில் மிஞ்சுகிற ரவையில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

"எதுக்குத் திருப்பிப் போடற?" என்றேன்.

"எதுக்குன்னா? அள்ளிக்கினே இருந்தா மூட்டைக்கு இன்னா இருக்கும்? ஒரு புடி குடுத்துட்டுத்தான் எடுக்கணும்."

"எப்பலேர்ந்து இப்படி?"

"எப்பவுமேதான்."

எடை போட்ட அன்று நீ பிடியைத் திருப்பிப் போடுவதற்குள் டின்னை நான் பிடுங்கிக்கொண்டேன். அன்று மத்தியானமே டின்னில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். ஒரு லிட்டர் போன பிறகும் மேலே ஒரு விரல்கடை இடம் இருந்தது. ஒரு கிலோ வனஸ்பதி பிடிக்கிற டின்னில் தண்ணீர் கிலோவுக்கு மேலேயே பிடிக்கும். எண்ணெய் தண்ணீர் மேல் மிதப்பதைத் தினமும் பார்க்கிறவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? ரவை கூடுதல், தண்ணீர் குறைச்சல். இரண்டு பக்கமும் நான் உன்னைக் கவிழ்த்திருக்கிறேன்.

நேராக உன்னிடம் வந்தேன். "அப்போ அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "நகரு, ரவ கருகுது" என்றாய். நான் நகர்ந்துவிட்டேன். ரவை கருகவில்லை, நான் எட்டிப் பார்த்தேன். அப்படியானால் உனக்குத் தெரிந்திருந்ததா? எப்போது தெரியும்? நான் அந்தக் கேள்வி கேட்டபோதா, இல்லை சோதனையன்று தட்டைப் பார்த்தபோதேயா? முன்பே தெரிந்திருந்தால் ஏன் "ஆமா சார்" என்றாய்? என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும் என்பதாலா? என் மேல் இரக்கப்பட்டாயா? எனக்கு உன் இரக்கம் வேண்டுமா வேண்டாமா என்றுகூட இத்தனை வருஷத்தில் எனக்குத் தெளிவாகவில்லை. சில நாள் நன்றியாக இருக்கும். சில நாள் உன் மேல் எரிச்சலாக வரும்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது கேட்டுவிடுவது என்றுதான் வந்தேன். ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, மனசுக்குள் வாக்கியம் எல்லாம் தயார் செய்துகொண்டு. நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். கை எவ்வளவு இளைத்துவிட்டது உனக்கு! நர்ஸ் மருந்து கொடுக்கச் சின்ன பிளாஸ்டிக் மூடியில் ஊற்றினாள். நீ அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "பத்து மில்லின்னாளே, இது பத்தா?" என்று என்னிடம் கேட்டாய். நான் கோட்டைப் பார்த்து, "பத்துதான்" என்றேன். "நீ சொன்னா சரி" என்று குடித்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் என்ன கேட்பது? ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே வரை வியாழக்கிழமை எழுதினேன். இப்போது ஞாயிறு மத்தியானம். செல்வி வந்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் எட்டு மணிக்கே வந்தாள். நெய், முந்திரி, திராட்சை எல்லாம் பையில். நான் நாலு நாள் எடை போட்ட எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். எதைச் சொல்வது என்று தெரியாமல் அதை நீட்டிக்கொண்டு நின்றேன். பத்து எண் இருந்தது, பத்தும் வேறு வேறு. அவள் சிரித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள்.

"அம்மா வச்சிருந்த தாளு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. ஆறாம் மாசப் படையலுக்கு இத வச்சு, பத்துல ஒரு பங்கு போட்டுத்தான் கேசரிபாத் செஞ்சு பாத்தேன். கல்லு மாதிரி ஆயிடுச்சு. அத்தைங்க எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவே தப்பா எழுதியிருக்காங்கபோல, பாவம். அதான் உங்ககிட்ட வந்தேன்."

நான் அடித்த தாள். மடிப்பு மடிப்பாக நைந்து, கட்டம் கட்டமாக, நாலரைக் கிலோ ரவை, பதினைந்து லிட்டர் தண்ணீர், அடியில் உன் பெயர். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தாள் இன்னொரு வாணலியைக் கெடுத்திருக்கிறது. இன்னொரு தடவை நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். நீ இல்லாத வீட்டில், உன் படத்துக்கு முன்னால், உன் பெயரைச் சொல்லி.

"உங்க அம்மா எழுதல" என்றேன். "எழுதுனது நான். எடை போட்டது நான். தண்ணி கணக்கு என்னோடது. இந்தத் தாளாலதான் உங்க அம்மாவுக்கு அந்த வேலை போச்சு. மேனேஜர் கேட்டப்போ நான் பக்கத்துலதான் நின்னேன், வாயத் தொறக்கல."

எட்டு வருஷம் உன்னிடம் சொல்ல முடியாததை உன் மகளிடம் நாலு மூச்சில் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தாளைத் திருப்பி, உன் பெயர் இருந்த இடத்தைத் தடவினாள்.

"அம்மா இத எங்க வச்சிருந்தாங்க தெரியுமா ஆன்ட்டி? ரேஷன் கார்டோட. வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாங்க. 'கம்ப்யூட்டர்ல என் பேரு வந்த காயிதம் இது ஒண்ணுதான்'னு சொல்வாங்க. 'மேனேஜரே கேட்டாரு, இது நீ பண்ணதான்னு. ஆமா சார்னு சொன்னேன்'னு சொல்வாங்க."

எந்தக் கேள்விக்காக இத்தனை வருஷம் நான் உன் முன்னால் கூனிக் குறுகினேனோ, அதை நீ வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். அப்படியானால் அன்றைக்கு நீ என்னைக் காப்பாற்றவே இல்லையா? உன் பெயரைத்தான் விட்டுக்கொடுக்காமல் நின்றாயா? இல்லை, மகளுக்காக அப்படி ஒரு கதை கட்டினாயா? இது தெரிந்த பிறகாவது தெளிவு வரும் என்று பார்த்தால், இருந்த குழப்பமும் இரண்டு மடங்காகிவிட்டது.

பிறகு சமைத்தோம். செல்வி டின்னில் ரவையைக் குவித்தாள். "ஒரு புடி எடுத்துத் திருப்பிப் போடு" என்றேன். "எத்தன கிராம்?" என்றாள். தெரியாது என்றேன். அவளுடைய பிடியை எடை போட்டால் ஐம்பத்தெட்டு வந்தது, என்னுடையது எழுபத்தாறு. உன்னுடையது எத்தனை என்று இனி யார் சொல்வது? அவள் பிடியையே வைத்துக்கொண்டோம். தண்ணீரை டின்னாலேயே ஊற்றினோம், மூன்று டின். கேசரிபாத் கரண்டியிலிருந்து வழியவும் இல்லை, ஒட்டிக்கொண்டும் நிற்கவில்லை. கிட்டத்தட்ட உன்னுடையது மாதிரி. கிட்டத்தட்டத்தான்.

புறப்படும்போது அவள் பழைய தாளைக் காட்டி, "இத என்ன பண்றது? கிழிச்சிடட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று வாங்கினேன். தப்பான எண்களை அடிக்கலாமா என்று பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. நீ ரேஷன் கார்டோடு வைத்துக் காப்பாற்றிய தாளில் நான் கிறுக்கக் கூடாது. ஓரத்தில் மட்டும் சின்னதாக எழுதினேன்: ரவை, ஒரு டின், குவித்து, ஒரு பிடி திருப்பிப் போட்டது. தண்ணீர், மூன்று டின். 'தயாரித்தவர்' என்ற வரியில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி போட்டேன். 'எடை போட்டவர்' என்று எழுதி, என் முழுப் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். செல்வி அதைப் படித்துவிட்டு மடித்துக் கவரில் வைத்துக்கொண்டாள்.

டின்னை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அரிசி அளந்தேன். குவித்து எடுத்த கையோடு ஒரு பிடி டிரம்முக்குள் திரும்பப் போயிற்று. எனக்கு அது எதற்கு என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. போட்டுவிட்டுத்தான் உலை வைத்தேன்.